வில்லும் தட்டைப் பாவையும்

எமரி அந்தப் பாவைக்கான வேரை மார்ச் மாதமே எடுத்து வந்துவிட்டான். காட்டன்வுட் மரத்தின் கிளையோ அடிமரமோ இதற்கு ஆகாது. தண்ணீரைத் தேடித் தேடிப் போன வேராக இருக்க வேண்டும். வெள்ளம் அதை அறுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டிருக்க வேண்டும். அப்படி ஒன்றுக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடையோரமாக அலைந்தான். கிடைத்ததும் ஆட்டுப்பட்டிக் கூரையில் காயப்போட்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் மே மாதம் முழுக்கச் செதுக்கினான்.

பீனிக்ஸ் நகரத்தில் இந்தப் பாவைகளை வாங்கிக் கண்ணாடி அலமாரிக்குள் நிற்கவைத்து அழகு பார்க்கிறார்கள். பார்க்கட்டும். எங்கள் பழங்குடி ஊர் இருக்கும் மேட்டில் பாவை நிற்காது. சுவரில் ஆணியில் தொங்கும், அதற்குக் கீழே ஒரு சிறுமி தூங்குவாள். அது அவளுக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. நீ வளர்வாய், பெரியவளாவாய், உன் வயிற்றில் பிள்ளைகள் பிறக்கும் என்று மழை தரும் தேவதைகளான கட்சினாக்கள் அவளுக்குச் சொல்லி அனுப்பும் வார்த்தை.

கட்சினாக்கள் குளிர்காலத்தில் பனிமலையிலிருந்து இறங்கி வருவார்கள். ஆடுவார்கள், மழை கேட்பார்கள், ஜூலையில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு மலைக்குத் திரும்பிவிடுவார்கள். அன்றைக்கு விடியலில் சிறுமிகளுக்குப் பாவையும் பையன்களுக்கு வில்லும் கொடுப்பார்கள். செதுக்குவது அப்பன், கொடுப்பது கட்சினா. அங்கே நின்று ஆடுவது யார் என்பது பெரியவர்களுக்குத் தெரியும், சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இந்த மொழியில் எழுதினால் எங்கள் பிள்ளைகள் யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் சொல்கிறேன். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

எமரிக்கும் லெனோராவுக்கும் ஒரே பெண், தலாசி. ஒன்பது வயது. அவள் பிறந்தபோதே லெனோராவின் கருப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது, அதனால் இனி ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஒற்றைப் பிள்ளையின் ரத்தத்தில்தான் நோய் வந்து உட்கார்ந்தது. மார்ச் கடைசியில் பீனிக்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லெனோரா கூடவே தங்கிவிட்டாள். எமரி ஏப்ரலில் ஒருமுறை போய்ப் பார்த்தான். அப்புறம் சோளம் விதைக்க வேண்டும், ஆடுகளைப் பார்க்க வேண்டும், ட்ரக் வேறு படுத்துவிட்டது. கடையடியில் இருந்த டெலிபோனில் வாரம் ஒருமுறை பேசுவதோடு சரி.

"முடி கொஞ்சம் கொட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்றாள் லெனோரா ஒருநாள்.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. பிள்ளைகிட்ட பேசு."

தலாசி போனை வாங்கினாள். "அப்பா, கட்சினாங்க எனக்குப் பாவை குடுப்பாங்களா இந்தத் தடவை?"

"குடுக்காம?"

"நான் இங்க இருக்கேன்னு தெரியுமா அவங்களுக்கு?"

"அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கா."

"அப்ப சரி. ரெண்டு பக்கமும் கொண்டை சுத்தின பாவை வேணும். அது குடுத்தாங்கன்னா நான் பெரியவளாவேன்னு அர்த்தம். அப்புறம் எத்தனை ஊசி வேணாலும் குத்தட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். குடுக்கலைன்னா வேண்டாம்ப்பா. ரொம்ப வலிக்குது."

இன்னும் மூன்று மாதம் மருந்து ஏற்ற வேண்டும், பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து பாதி வேலை செய்யும், மீதியைப் பிள்ளை செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். எமரிக்கு அந்த மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது ஆட்டுப்பட்டிக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. செதுக்கி முடித்தபோது மஞ்சள் முகம், நெற்றியில் செம்பட்டை முடி, காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கல்யாணமாகாத பெண்கள் சுற்றுகிற வட்டக் கொண்டை. கொண்டைக்கு மட்டும் நான்கு நாள் பிடித்தது. தன் வாழ்நாளில் அவன் செதுக்கியதிலேயே அதுதான் நன்றாக வந்தது.

ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் ஆடுகிற ஆண்கள் வீட்டுக்குப் போகக்கூடாது. ஏணி வைத்து இறங்குகிற கீவா என்னும் நிலவறையில்தான் இருக்க வேண்டும். அதனால் லெனோரா பிள்ளையை அழைத்துக்கொண்டு தங்கை புருஷனின் காரில் ஊருக்கு வந்து சேர்ந்தது எமரிக்குத் தெரியாது. வருவார்கள் என்று மட்டும் தெரியும். பாவையைச் சம்புக் கோரைத் தண்டில் கட்டி வைத்துக்கொண்டான். லெனோராவின் தங்கை மகன் ஆர்லோவுக்கு ஒரு வில்லும் செய்து வைத்திருந்தான். ஆர்லோவை எங்கே கண்டாலும் தலையில் ஒரு சிவப்புத் தொப்பி இருக்கும். குளிக்கும்போதாவது கழற்றுகிறானா என்று ஊரே கேலி செய்யும்.

விடியலில் வரிசையாக மைதானத்துக்குள் வந்தார்கள். கைநிறையப் பச்சைச் சோளத்தட்டை, அந்த வருஷத்தின் முதல் பச்சை. எதன் வழியாக எமரி பார்த்தான் என்று நான் எழுதமாட்டேன். குறுகலாகத்தான் தெரியும், எதிர்வெயில் வேறு என்பதை மட்டும் சொல்கிறேன். லெனோராவைக் கண்டுபிடித்துவிட்டான். தங்கை வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு இடுப்புவரை முடி தொங்கும் ஒரு பெண், நீலச் சட்டையில். அந்தச் சட்டையை எமரிதான் வின்ஸ்லோ டவுன் கடையில் வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தான். இடது பக்கம் சிவப்புத் தொப்பி, தொளதொளவென்று ஒரு பையன் சட்டை, குச்சிபோலக் கால். ஆர்லோ இளைத்துவிட்டானே என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

பாவையை நீலச் சட்டையிடம் கொடுத்தான். வில்லைச் சிவப்புத் தொப்பியிடம் கொடுத்தான்.

நீலச் சட்டைக்காரி துள்ளிக் குதித்தாள். சிவப்புத் தொப்பி குதிக்கவில்லை. வில்லைக் கையில் வைத்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தது. அப்படி உதட்டைக் கடித்துப் பார்ப்பது அவனுடைய மகளின் பிறவிப் பழக்கம்.

நடந்தது இவ்வளவுதான். நோயில் இளைத்த உடம்பில் நீலச் சட்டை நிற்காமல் நழுவியது, அதனால் அதைத் தங்கை மகள் மார்லாவுக்குப் போட்டுவிட்டு, தலாசிக்கு ஆர்லோவின் பொத்தான் சட்டையை மாட்டிவிட்டார்கள். தலாசியின் தலையில் ஒரு முடி இல்லை. விடியல் குளிர் தாங்காது என்று ஆர்லோ தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான். ஆயுளில் ஒருமுறை கழற்றினான், அது இன்றைக்கா என்று இருந்தது. அவனோ கூரைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

லெனோரா வாயைப் பொத்திக்கொண்டாள். பேசினால் யாரிடம் பேசுகிறாள்? சுற்றிலும் பிள்ளைகள். கட்சினாவைப் பார்த்து "ஏய், உன் பெண் இவள்" என்று சொல்ல முடியுமா? கட்சினாவும் பேசமாட்டார், திரும்பமாட்டார், கொடுத்ததைப் பிடுங்கமாட்டார். வரிசை நகர்ந்தது. எமரியின் கால் தாளம் தப்பாமல் மிதித்துக்கொண்டே போனது. அந்தக் கால்களை அவன் அன்றைக்கு வெறுத்ததுபோல வேறு எதையும் வெறுத்ததில்லை.

ஊருக்கு வெளியே பாறைகளுக்குப் பின்னால் ஆட்டக்காரர்கள் இளைப்பாறும் இடம் இருக்கிறது. முதல் சுற்று முடிந்து அங்கே வந்ததும் எமரி ஆட்டத் தலைவர் வில்மரின் முன்னால் போய் உட்கார்ந்தான். அவனுக்கு அவர் தாய்மாமன் முறை.

"மாமா, தப்பு நடந்துபோச்சு. என் பொண்ணுக்குப் போகவேண்டியது இன்னொருத்திக்குப் போயிடுச்சு. அவ கையில வில்லைக் குடுத்துட்டேன்."

வில்மர் தண்ணீர் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "யாரு குடுத்தா?"

"நான்தான்."

"அங்க நிக்கும்போது நீ எமரி இல்லை. எமரி இல்லாத இடத்துல எமரியோட தப்பு எப்படி வரும்?"

"வந்துடுச்சே மாமா."

"வந்திருந்தா உன் மனசு பாதி பீனிக்ஸ்ல கிடந்திருக்கு. பாதி மனசோட வந்தது உன் தப்பு, அதை நீயே வச்சுக்க. குடுத்தது குடுத்ததுதான்."

எமரி எழுந்துபோய் ஒவ்வொருவரிடமும் கேட்டான். மிச்சம் பாவை யாரிடமாவது இருக்கிறதா? எல்லாம் விடியலிலேயே போய்விட்டிருந்தது. மெர்வின் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. தட்டைப் பாவை. தங்கச்சி பாப்பாவுக்குச் செஞ்சது. பாப்பாவுக்குக் காய்ச்சல், அவ வரலை."

"அதைக் குடு."

"அட, அது தொட்டில் பிள்ளைக்கு மாப்ளே. உன் பொண்ணுக்கு ஒன்பது வயசு. கழுதை வயசாகுது, இன்னும் பால் குடிக்கிறியான்னு ஊர்ப் பிள்ளைங்க சிரிக்கும்."

"பாவைதானே. குடுடா."

தட்டைப் பாவை என்பது ஒரு சாண் பலகை. கையில்லை, காலில்லை. கட்சினாக்களின் தாயுடைய முகத்தை வரைந்து, உடம்பில் சிவப்புக் கோடு இழுத்திருப்பார்கள். பிறந்த குழந்தைக்கு முதலில் கிடைப்பது அதுதான்.

வில்மர் பார்த்துக்கொண்டே இருந்தார். "எமரி, அவங்க வாயால பேசறதில்லை. கையில இருக்கிறதுதான் பேச்சு. ஒரு தடவை குடுத்தது ஒரு பேச்சு. மறுபடி போய் வேற ஒண்ணைக் குடுத்தா அது என்ன பேச்சாகும்னு எனக்கே தெரியாது. விட்டுடு."

எமரி விடவில்லை. பாவை இல்லாமல் அவளை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்ப அவனால் முடியாது. கடைசிச் சுற்றில் வெயில் சாயும்போது தங்கை வீட்டு வாசலில் நின்றான். தலாசி நாற்காலியில் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தாள், வில் மடியில் கிடந்தது. தட்டைப் பாவையை அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இந்த முறை உதட்டைக் கடிக்கவில்லை. முகம் தெளிந்துவிட்டது. எமரிக்கு உயிர் வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தான், பாவி. அதன் பிறகு ஊரார் சோளமாவு தூவி வழியனுப்ப, கட்சினாக்கள் மேற்கே மலையைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

இருட்டும் முன்னே எமரி குளித்துவிட்டு, வயலிலிருந்து வருகிறவன்போல வீட்டுக்கு வந்தான். எல்லா அப்பன்களும் அன்றைக்கு அப்படித்தான் வருவார்கள். தலாசி தொப்பியைக் கழற்றியிருந்தாள். அந்த மொட்டைத் தலையை எமரி அப்போதுதான் பார்த்தான். குனிந்து அதன்மேல் வாயை வைத்து முத்தமிட்டான்.

"எங்கப்பா போயிருந்தே? எல்லாத்தையும் கோட்டை விட்டுட்டியே" என்றாள்.

"ஆடு ஒண்ணு காணாமப் போச்சு."

ஆர்லோ மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எனக்கு மட்டும் ஒண்ணுமே குடுக்கலை. தொப்பியும் போச்சு, வில்லும் போச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலைடா" என்றாள் தலாசி. பிறகு அப்பாவை அருகில் கூப்பிட்டு உட்காரவைத்து, பெரிய மனுஷிபோல விளக்கினாள். "காலையில எனக்கு வில்லைக் குடுத்தாங்க. கொண்டைப் பாவையை மார்லாவுக்குக் குடுத்துட்டாங்க. நான் பெரியவளாகப் போறதில்லைன்னு அர்த்தம். அழுகையா வந்துச்சு. அம்மாகிட்டகூடச் சொல்லலை. அப்புறம் சாயங்காலம் எனக்காகத் திரும்பி வந்து இதைக் குடுத்தாங்க. பாரு, பாப்பாவுக்குக் குடுக்கிறது. அப்பத்தான் புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"போயிட்டு மறுபடி பாப்பாவா வரச் சொல்றாங்க. அம்மா வயித்துல."

சின்னப் பிள்ளை செத்தால் எங்கும் போய்விடுவதில்லை, அதே வீட்டுக்கு அதே தாயிடம் திரும்பி வந்து பிறக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தலாசிக்கு அது தெரியும். அம்மாவின் கருப்பை விஷயம் தெரியாது. அதை யார் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

லெனோரா அடுப்பிலிருந்த ஆட்டுக்கறிச் சோளக் குழம்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள். எமரியும் பின்னால் போனான். விறகுக் குவியலருகே நின்று இருவரும் தாழ்ந்த குரலில் ஒருவரையொருவர் குதறிக்கொண்டார்கள்.

"கொஞ்சம் கொட்டியிருக்குன்னு சொன்னியே. அதுவா கொஞ்சம்?"

"நீ போன்ல அழுதா அவ பயப்படுவான்னு சொன்னேன். முடி இல்லைன்னா பெத்த பிள்ளையைத் தெரியாதா உனக்கு? நடையைப் பாக்க மாட்டியா? நிக்கறதைப் பாக்க மாட்டியா?"

"சரியாத் தெரியலை."

"அப்புறம் எதுக்குத் திரும்பி வந்தே? அந்தப் பலகையோட? காலையில வெறும் தப்பா இருந்தது. அதைப் போய்ச் சேதியாக்கிட்டியே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அவனுக்குக் குரங்காய் முடிந்திருந்தாலும் பரவாயில்லை. இவன் பிடித்தது எமனாக முடிந்தது.

திங்கட்கிழமை காலை பழுதுபார்த்த ட்ரக்கில் மூவரும் பீனிக்ஸுக்குக் கிளம்பினார்கள். தலாசி அடம்பிடிக்கவில்லை. அடம்பிடித்திருந்தால் எமரி சந்தோஷப்பட்டிருப்பான். "போகணும்னா போலாம், ஆனா இனிமே எதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தட்டைப் பாவை அவள் மடியில் இருந்தது.

பனிமலையின் அடிவாரத்தில் சாலை வளைகிற இடத்தில் எமரி ட்ரக்கை ஓரமாக நிறுத்தினான். இரண்டு நாளாக அவன் தூங்கவில்லை. சொல்லக்கூடாததைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனது ஆகட்டும், தன் தலையில் விடியட்டும் என்று முடிவு செய்திருந்தான். லெனோராவுக்கு அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது. வேண்டாம் என்று அவள் தடுக்கவில்லை.

"தலாசி, அது நான்தாம்மா."

"எது?"

"காலையில வில்லைக் குடுத்தது. சாயங்காலம் இந்தப் பாவையைக் குடுத்தது. ரெண்டும் நான்தான். அந்தக் கொண்டைப் பாவையை உனக்காகத்தான் என் கையால செதுக்கினேன். நீலச் சட்டையைப் பாத்து மார்லாவை நீன்னு நெனச்சுட்டேன். தொப்பியைப் பாத்து உன்னை ஆர்லோன்னு நெனச்சுட்டேன். உன்னைப் பத்தி அவங்க ஒண்ணுமே சொல்லலை. நீ போகணும்னு யாரும் சொல்லலை. நான் பண்ண தப்பு அது, அவ்வளவுதான்."

தலாசி அவனை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவனுடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுக்கு அப்படித்தான் செய்வாள்.

"மெதுவாப் பேசுப்பா. மலை பக்கத்துலதான் இருக்கு, அவங்க காதுல விழும்."

"சத்தியமாச் சொல்றேம்மா."

"நான் பயப்படறேன்னு நெனச்சுப் பொய் சொல்றே. உனக்குப் பொய் சொல்லவே வரலை." அவள் சிரித்தாள். "அங்க நின்னது நீயா இருந்தா, என்னை உனக்குத் தெரியாமப் போயிருக்குமா?"

எமரி வாயைத் திறந்தான். அதற்கு ஆம் என்றுதான் சொல்ல வேண்டும், தெரியாமல்தான் போயிற்று என்று சொல்ல வேண்டும். அவளைக் காப்பாற்ற அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்களுக்கு நேராக அவனுக்கு அது வரவில்லை.

"இல்லைம்மா" என்றான். "தெரியாமப் போகுமா."

"அதான் சொன்னேன்." அவள் திருப்தியாக அவன் கையை விட்டாள். "இதை அம்மா படுக்கிற இடத்துக்கு மேல மாட்டிடு. நான் வரும்போது தேடக்கூடாது."

லெனோரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எமரி சாவியைத் திருகினான்.

ஆஸ்பத்திரியில் எல்லா மருந்தும் ஏற்றினார்கள், ஒன்றையும் விடவில்லை. முன்பெல்லாம் ஊசியைக் கண்டால் நர்ஸின் கையைக் கடிக்கிற பிள்ளை, கையை நீட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா படுத்திருந்தது. ஒருமுறையாவது கடிக்கமாட்டாளா என்று எமரி பக்கத்தில் நின்று ஏங்கினான். செப்டம்பர் கடைசியில், மேட்டில் சோளம் அறுக்கிற வாரத்தில் அவள் போய்விட்டாள்.

அவள் சொன்ன இடத்தில் எமரி ஆணி அடித்துத் தட்டைப் பாவையை மாட்டினான். லெனோரா இப்போது அடுத்த அறையில் படுக்கிறாள்.